அலையும் காற்றும் அறிந்த பயணம்

மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆயினும், நீண்ட பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல குடும்பங்களின் எண்ணம் கடற்கரையை நோக்கிச் செல்கிறது. கூடாரம் அமைத்துத் தங்க வேண்டும் என்றும் அலைச்சறுக்குப் பழக வேண்டும் என்றும் பிள்ளைகள் ஆசைப்படுகின்றனர். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ள மாக் மண்டினில் வாழும் ஒரு குடும்பம் இவ்விரண்டையும் ஒரே விடுமுறையில் செய்து முடிக்க இயலுமா? இதற்கு விடை காண, செலவைக் கணக்கிடுவதற்கு முன்பே காற்றையும் கடலையும் அறிந்துகொள்ள வேண்டும்.

அலை உருவாகும் விதம்

கடல்மீது வீசும் காற்றே பெரும்பாலான அலைகளை உருவாக்குகிறது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் தூரம் ஆகிய மூன்றும் கூடும்போது அலையின் உயரமும் கூடுகிறது. பினாங்கு, மலாக்கா நீரிணையின் வடபகுதியில் அமைந்துள்ளது. இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலைகளைச் சுமத்ரா தீவு பெருமளவு தடுத்துவிடுகிறது. நீரிணையும் குறுகலானது. எனவே, பினாங்குக் கரைக்கு வரும் அலைகள் பொதுவாகச் சிறியவை. அலைச்சறுக்குக்கு ஏற்றவை அல்ல.

கிழக்குக் கரையின் நிலைமை வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று பரந்த தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. அக்காற்று எழுப்பும் அலைகள் பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையை அடைகின்றன. மணற்பாங்கான அடித்தளம் கொண்ட அக்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளிகள் இயங்குகின்றன. தொடக்கநிலையினரும் அங்குப் பழகலாம். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவிலோ, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான் அலைச்சறுக்கு களைகட்டுகிறது. ஆக, கடற்கரை எது என்பதோடு மாதம் எது என்பதும் முக்கியம்.

ஒரே காற்று, இருவேறு விளைவுகள்

வடகிழக்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையின் பெரும்பகுதி கிழக்குக் கரையிலேயே பெய்துவிடுகிறது. தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்து நிறுத்துவதே காரணம். அதனால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பினாங்கில் மழை குறைவாக இருக்கும். கூடாரம் அமைத்துத் தங்க இதுவே நல்ல காலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை அதிகம். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் திடீரெனப் பலத்த காற்றும் இடிமழையும் வந்து சேர்வதுண்டு. சரியாகக் கட்டப்படாத கூடாரம் அந்தக் காற்றுக்குத் தாங்காது.

பினாங்கில் வானம் தெளிந்திருக்கும் அதே வேளையில் கிழக்குக் கரையில் வெள்ளம் பெருகக்கூடும். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் முதலிய மாநிலங்களில் ஏற்பட்ட வெள்ளத்தால் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மாக் மண்டினிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் செராத்திங் செல்ல 600 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்ய வேண்டும். அவ்வளவு தூரம் சென்ற பிறகு கடற்கரையில் சிவப்புக் கொடி பறப்பதைக் கண்டால் ஏமாற்றமே மிஞ்சும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று எண்ணிக் கடலில் இறங்குவது ஏமாற்றத்தைவிடக் கொடியது.

எனவே, இரண்டு ஆசைகளையும் இரண்டு பயணங்களாகப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. முதலில் அருகிலுள்ள பினாங்கில் முகாம். பின்னர், மழை தணியத் தொடங்கும் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ கிடைக்கும் விடுமுறையில் செராத்திங். அங்குக் கூடாரத்தைத் தவிர்த்து விடுதியில் தங்குவது பாதுகாப்பானது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளைப் புறப்படும் நாள் காலைவரை கவனிக்க வேண்டும்.

கெராச்சுட் கடற்கரையில் ஓர் இரவு

பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் பினாங்குத் தேசியப் பூங்கா உள்ளது. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இப்பகுதி, 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாக் மண்டின் மக்கள் பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் ஏறி ஜார்ஜ்டவுனை அடைந்து, அங்கிருந்து 101ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங் செல்லலாம். பூங்காவின் நுழைவாயிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இரவு தங்குவதற்கு முன் அனுமதி பெறுவது அவசியம்.

நுழைவாயிலிலிருந்து காட்டுப் பாதையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சுட் கடற்கரையை அடையலாம். அங்குள்ள ஏரி வியப்புக்குரியது. ஓடைகளிலிருந்து வரும் நன்னீர் மேலேயும், எடை மிகுந்த கடல்நீர் கீழேயும் தங்கி, ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றன. அக்கடற்கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையமும் உள்ளது. ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி நகரும். ஆகவே, அங்குத் தங்குவோர் கடலை நோக்கி விளக்கடிப்பதையும் தீ மூட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

கூடாரத்தை நீர் ஏறும் எல்லைக்கு மேலே அமைக்க வேண்டும். அலை ஒதுக்கிவிட்டுச் சென்ற சருகுகளும் சிப்பிகளும் அந்த எல்லையைக் காட்டும். உணவுப் பொருள்களை மூடியுள்ள பெட்டியில் வைக்காவிட்டால் குரங்குகள் தூக்கிச் சென்றுவிடும். கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் குப்பைகளையும் திரும்பக் கொண்டுவருவது ஒவ்வொருவரின் கடமையாகும்.

அமைதியான கடலிலும் ஆபத்து

கெராச்சுட்டின் கடல் பார்ப்பதற்கு அமைதியாகத் தோன்றும். ஆயினும், வலிய நீரோட்டங்களும் நச்சுத்தன்மை கொண்ட இழுதுமீன்களும் இருப்பதால் அங்கு நீந்துவது ஆபத்தானது. இழுதுமீன் தீண்டினால் அவ்விடத்தைத் தேய்க்கக்கூடாது. நன்னீரால் கழுவவும் கூடாது. வினிகரை ஊற்றி, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். எனவே, முதலுதவிப் பெட்டியில் ஒரு புட்டி வினிகரும் இருக்கட்டும்.

அலைமிகுந்த கரைகளில், கரைக்கு வந்த நீர் ஒரு குறுகிய பாதை வழியாக விரைந்து கடலுக்குத் திரும்புவதுண்டு. அந்நீரோட்டத்தில் சிக்கியவர் அதை எதிர்த்து நீந்தினால் விரைவில் களைத்துவிடுவார். பதற்றமின்றி மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால், முதலில் கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்தை விட்டு விலக வேண்டும். அதன் பிறகே கரையை நோக்கி வர வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் 52 உயிர்களைப் பறித்தது. கடல்நீர் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலத்தை நோக்கி ஓட வேண்டும் என்பதை இன்று சிறுவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே தொடங்கும் பயணம்

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் குடும்பத்தினர் அனைவரும் கூடிப் பேசுவது நன்று. அப்பா வானிலை அறிவிப்பையும் போக்குவரத்தையும் கவனிக்கலாம். அம்மா அனுமதியையும் மருந்துகளையும் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பொருள்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். காட்டுப் பகுதியில் எல்லா இடங்களிலும் தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. ஆதலால், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியிடமோ அண்டைவீட்டாரிடமோ எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். அவசர உதவிக்கான 999 என்ற எண்ணை எல்லோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘எந்த நிலையில் திரும்பிவிடுவது?’ என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். இடி முழங்கினால் கடலுக்குச் செல்வதில்லை. சிவப்புக் கொடி பறந்தால் அலைச்சறுக்கு இல்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால் பயணமே ஒத்திவைக்கப்படும். வீட்டில் அமைதியாக எடுத்த இம்முடிவுகள், கடற்கரையில் ஆசை மேலிடும்போது கைகொடுக்கும்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கைக் கற்பித்துப் புகழ்பெற்றார். கடலோடு வாழும் மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்த பிறகே படகை இறக்குவர். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி விடுமுறைக்குக் கடற்கரை செல்வோருக்கும் பொருந்தும். கடல் எங்கும் போய்விடாது. இந்த வாரம் இயலாத பயணத்தை அடுத்த விடுமுறையில் மேற்கொள்ளலாம். எல்லோரும் நலமாக வீடு திரும்புவதே பயணத்தின் முதல் வெற்றியாகும்.