போயிட்டு வாங்க... ஆறாவது முறையாக!

உஷ்! சத்தம் போடாமல் வாங்க. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஸ்டாஃப் ரூமுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம். பிப்ரவரி மாதம். மைதானத்தில் ஷாமியானா ஏறிக்கொண்டிருக்கிறது. பிளஸ் டூ அண்ணன், அக்காக்களுக்கு பிளஸ் ஒன் பிள்ளைகள் நடத்தும் பிரிவு உபசார விழா. மேடையை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கூத்து நடப்பது இங்கேதான்!

டீச்சர்கள் எல்லோரும் மயில் கழுத்து நிறப் புடவை என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பேசி முடிவெடுத்தார்கள். வந்திருப்பதோ பச்சையில் மூன்று, நீலத்தில் நான்கு. ‘இதுதான் ஒரிஜினல் மயில் கழுத்து’ என்று ஆளாளுக்கு முந்தானையை நீட்டிச் சண்டை. கெமிஸ்ட்ரி லேபில் ஆசிட் பாட்டில்களுக்குப் பக்கத்து மேசையில் கேக் ஒளிந்திருக்கிறது. அதற்குக் காவல் லேப் அசிஸ்டென்ட். அவருக்குக் காவல் யார் என்பதுதான் கவலை. பி.இ.டி. சார் ஒவ்வொரு பையாகத் தடவுகிறார், இங்க் பாட்டில் வேட்டை! கண்ணதாசன் 1963-ல் ‘ரத்தத்திலகம்’ படத்துக்கு எழுதிய பிரிவுப் பாட்டைப் போடச் சொல்லி தமிழ் ஐயா மைக் செட் தம்பியிடம் மூன்றாம் முறையாக மனு கொடுக்கிறார். மாணவர்கள் பரிசாகத் தரப்போவது சுவர்க் கடிகாரம். அது ரகசியமாம்! ஏற்கெனவே மூன்று மாட்டியிருக்கிறது. மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன.

முக்கியமான விஷயம், பந்தயம். ‘கணக்கு சார் இன்னைக்கு அழுவாரா, மாட்டாரா?’ தோற்றவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும்.

மேடையில் வகுப்பாசிரியை தழுதழுத்தார். பிள்ளைகள் தேம்பினார்கள். கணக்கு சார்? கல்லுப் பிள்ளையார். அழுவார் என்று பந்தயம் கட்டிய விலங்கியல் டீச்சர் பர்ஸைத் திறந்தார். முதல் விடைபெறல் முடிந்தது.

மறுநாள் காலை எட்டரை, ஸ்பெஷல் கிளாஸ். அதே பிள்ளைகள், வீங்கிய அதே கண்கள். “நேத்து அழுதவங்கள்லாம் கை தூக்குங்க பாக்கலாம். சரி, ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் குடுக்கப் போறேன். மிச்சம் இருந்தா இப்ப அழுதுக்கோங்க.”

இரண்டாவது, செய்முறைத் தேர்வு. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, ஆக 30 மதிப்பெண். வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறார். அவருக்கு இளநீர் வெட்டி, விசிறி திருப்பிவைத்து நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள். “பிள்ளைங்க கொஞ்சம் பயந்த சுபாவம் சார்...” யார், இவர்களா?

மூன்றாவது, ஹால் டிக்கெட் வாங்கும் நாள். தேர்வு 10 மணிக்கு. கேள்வித்தாள் படிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், பிறகு மூன்று மணி நேரம் எழுத வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, “ரெண்டு பேனா... காலையில சாப்பிட்டுட்டு வா... ராத்திரி போன் நோண்டாத” என்று வாசல் வரை வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார் வகுப்பு மிஸ்.

நான்காவதுதான் கொடுமை. கடைசித் தேர்வு முடிந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவரும்போது மிஸ் அங்கே இல்லை! பொதுத்தேர்வுக்குக் கண்காணிப்பாளர்கள் வேறு பள்ளிகளிலிருந்துதான் வருவார்கள். இவர் எங்கோ ஓர் ஊரில் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் கூடுதல் தாள் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் விடைத்தாள் திருத்தும் முகாம். முகப்புத் தாள் நீக்கிய கட்டுகள். யார் பிள்ளை என்றே தெரியாது. ஆனாலும் சாய்ந்த கையெழுத்தைக் கண்டால், “நம்ம கடைசி பெஞ்சு மாதிரியே எழுதியிருக்கான்” என்று பக்கத்து டீச்சரின் தோளை இடிக்காமல் இருக்க முடியாது.

ஐந்தாவது, ரிசல்ட். 2025-ல் பிளஸ் டூ முடிவுகள் மே 8-ல் வந்தன. எந்த வருடமானாலும் இந்த ரகசியம் மட்டும் மாறாது: எல்லோருடைய பதிவெண்ணும் பிறந்த தேதியும் மிஸ் கையில் பட்டியலாக இருக்கிறது. வெப்சைட் சுற்றிக்கொண்டே இருக்கும், மிஸ் விடமாட்டார். பிள்ளை தூங்கி எழும்முன் இங்கிருந்து போன் போய்விடும். கணக்கில் 35 தாண்டுவானா என்று எல்லோரும் கைவிட்ட ஒருவன் 38 எடுத்திருக்கிறான். செய்தி கேட்ட கணக்கு சார், “கண்ல தூசி” என்று பாத்ரூம் பக்கம் போனார். விலங்கியல் டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார். வடைக் காசு வட்டியோடு திரும்பியது!

ஆறாவது, டி.சி. ஷாமியானா கிடையாது, கேக் கிடையாது. மேசை, பதிவேடு, முத்திரை. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் திறந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. “அங்க அடையாளம் என்னடா?” “வலது முழங்கையில மச்சம் மிஸ்.” நடத்தை என்ற இடத்துக்கு வரும்போது மிஸ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். ஜன்னல் உடைத்தவன், சைக்கிள் டயரில் காற்று பிடுங்கியவன், கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பான். எழுதுவது ஒரே வார்த்தைதான்: நன்று. எல்லோருக்கும் நன்று! இத்தனை வருடத் திட்டும் இந்த ஒரு கட்டத்தில் தள்ளுபடி.

“பேர் சரியா இருக்கா, இன்ஷியல் சரியா இருக்கானு இங்கயே பாரு. காலேஜ்ல சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் அப்ளை பண்ணு, மாசம் ஆயிரம் ரூபா. அக்காகிட்ட கேளு, அவ புதுமைப் பெண்ல வாங்குறாள்ல? போயிட்டு வா.”

அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். மிஸ் அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுக்கிறார். கதவில் அதே தலை.

“மிஸ், போனஃபைடு ஒண்ணு வேணுமாம்...”

“டேய்! நீ இன்னும் போகலையா? நாளைக்கு வந்து வாங்கிக்கோ!”

ஒரு நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் எதிரிலேயேதான் இருக்கிறது. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.