முழங்கால் வெளுத்த போர்வை

அமெரிக்காவின் அலபாமா ஆறு லாடம்போல் வளைகிற இடத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்கிருந்த பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள்தான் ஊராரில் பெரும்பாலோர். பலருக்குப் பெயருக்குப் பின்னால் பெட்வே என்று இருக்கும். அது பழைய தோட்ட முதலாளியின் பெயர்.

இந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளை வெட்டி, துண்டோடு துண்டு சேர்த்துப் போர்வை தைத்தார்கள். ஜீன்ஸ் துணிப் போர்வைகளில் ஓரிடம் வெளிறியிருக்கும். இன்னோரிடத்தில் கருநீலக் கட்டம் ஒன்று பளிச்சென்று நிற்கும். வெளிறியது முழங்கால். கருநீலக் கட்டம், பை தைத்திருந்த இடம். பையைப் பிரித்ததும், அதுவரை வெயிலும் உரசலும் படாத துணி வெளியே வந்துவிட்டது.

எல்லாம் ஜீன்ஸ் துணிக்கு ஏற்றும் அவுரிச் சாயத்தின் குணம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதை ரசாயன முறையில் கரைய வைத்துத்தான் நூலைத் தோய்க்கிறார்கள். வெளியே எடுத்துக் காற்று பட்டதும் ஆக்சிஜன் சேர்ந்து மறுபடி கரையாத நீலமாகிவிடும். பருத்தியோடு அதற்குப் பெரிய ஒட்டுதலும் கிடையாது. அதனால் சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே வெள்ளைதான். தேயத் தேய அந்த வெள்ளை எட்டிப்பார்க்கும்.

1942இல் இந்த ஊரின் மிசௌரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். கணவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளத்தான் அது என்று மகள் பின்னாளில் சொன்னார்.

அழகு பற்றிய பேச்செல்லாம் பிறகு வந்தது. முதலில் குளிர் தாங்க வேண்டும். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு. பஞ்சில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று உடம்புச் சூட்டை எளிதில் கடத்தாது. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடும் தையல், பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

1966இல் அந்த வட்டாரப் பெண்கள் தையல் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனம் அவர்களிடம் கார்டுராய் என்ற வரிவரியான துணியில் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுக்க, வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. எழுபதுகளின் போர்வைகளில் திடீரென்று கார்டுராய் தலைகாட்டுவது அப்படித்தான்.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் இவற்றைச் சுவரில் மாட்டின. விமர்சகர்கள் நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். பாராட்டுதான், ஆனாலும் பொருந்தவில்லை என்பேன்: முழங்காலின் அந்த வெளிறல் எந்தத் தூரிகைக்கும் வராது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை இவற்றில் பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது.