மூளை சுரக்கும் அபின்

வலிப்புக் கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது தமிழரிடை நெடுநாள் வழக்கம். சிறிது நேரத்தில் வலிப்பு அடங்கும். புகழ் சாவிக்குச் சேரும். உண்மையில், அதனை அடக்குவதில் மூளை தானே சுரக்கும் அபின்போன்ற பொருள்களுக்கும் பங்குண்டு என்பர் ஆய்வாளர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பினாங்கில் அபின் விற்பனை குத்தகைக்கு விடப்பட்டது. அவ்வினப் பொருள் மனிதர் தலைக்குள்ளும் ஊறுவதை அன்று எவரும் அறிந்திலர். 1975இல் ஹியூசும் காஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து என்கெபலினைப் பிரித்தறிந்தனர். பின்னர் அறியப்பட்ட டைனார்பின், வலிப்பின்போது வெளிப்பட்டு நரம்பணுக்களின் மிகைத் துடிப்பைத் தணிப்பதாக விலங்காய்வுகள் காட்டுகின்றன.

எனினும் இக்காப்பு எப்போதும் போதாது. வலிப்புற்றவரை ஒருக்களித்துக் கிடத்துக. வாயில் எதனையும் இடற்க. 5 நிமிடம் கடந்தும் அடங்காவிடின் மருத்துவமனையே புகல். பாலிக் புலாவிலேயே அரசு மருத்துவமனை உண்டு. சாவி தேடுவதினும் அங்கு விரைதல் நன்று.