வீட்டுக் கம்பியில்லா இணைப்பும் அதன் காவலும்

1927-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். அந்நிலையம் பரப்பிய அலைகள் யாவருக்கும் பொதுவானவை. அவற்றை எவ்வளவு பேர் கேட்கிறார்களோ அவ்வளவுக்கு நிலையத்தின் நோக்கம் நிறைவேறிற்று. இன்று அதே நகரில் இல்லந்தோறும் சிறியதொரு ஒலிபரப்பு நிலையம் இயங்குகிறது. ரூட்டர் என்று வழங்கும் அந்தச் சாதனத்தின் அலைகளோ யாவருக்கும் உரியவை அல்ல. ஒரு குடும்பத்தாருக்கு மட்டுமே உரியவை. ஆயினும் அலைகளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. சுவரைக் கடந்து, சந்தைக் கடந்து, அயல் வீட்டிலும் அவை சென்று நிற்கும். ஆகவே அவற்றுக்குக் காவல் அமைப்பது வீட்டாரின் பொறுப்பாகிறது.

அலைகளின் இயல்பு

ரூட்டர் பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் இரு வரிசைகளைச் சேர்ந்தவை. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முதல் வரிசையின் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் அதில் ஏறக்குறையப் பாதி. நீண்ட அலை சுவர்களை எளிதில் ஊடுருவித் தொலைவு செல்லும். குறுகிய அலை விரைவாகச் செய்தியைச் சுமக்கும், ஆனால் சுவர்களில் வலுவிழந்துவிடும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை உரிமமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசாங்கம் 2005 ஜனவரியில் அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு அத்தகைய விரிவான அனுமதி 2018-இல் கிடைத்தது.

தாராவியின் சந்துகளில் இருபுறச் சுவர்களையும் ஒருவர் கைகளை விரித்துத் தொட்டுவிடலாம். பத்தடிக்குப் பத்தடி அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அங்கு ஓர் அறையில் நின்று கைபேசியைத் திறந்தால் அண்டை அயலாரின் இணைப்புப் பெயர்கள் ஒரு நீண்ட பட்டியலாகத் தோன்றும். மாதுங்காவின் பழைய அடுக்குமாடி வீடுகளிலும் செம்பூரின் குடியிருப்புகளிலும் இதே நிலைதான். பட்டியலில் பெயர் தெரிகிறது என்றால் அந்த வீட்டின் அலை இங்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதே பொருள்.

மும்பை தந்த பாடம்

2008-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று சென்றிருந்தது. அது எங்கிருந்து வந்தது என ஆராய்ந்த அதிகாரிகள் நவி மும்பையில் சான்பாடா என்னுமிடத்திலுள்ள ஒரு குடியிருப்பை அடைந்தனர். அவ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ஓர் வெளிநாட்டவர். அவருடைய கணிப்பொறிகள் சோதிக்கப்பட்டன. அவர் பலமுறை விசாரிக்கப்பட்டார். இறுதியில் அவருக்கும் அந்த அஞ்சலுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. காவலற்றிருந்த அவருடைய கம்பியில்லா இணைப்பை வெளியிலிருந்து யாரோ பயன்படுத்தியிருந்தனர்.

அடுத்த மாதம் 23-ஆம் நாள் வந்த இரண்டாவது அஞ்சல் மாதுங்காவிலுள்ள கால்சாக் கல்லூரியின் இணைப்பு வழியாகச் சென்றிருந்தது. செப்டம்பர் 13 அன்று தில்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த அஞ்சலோ செம்பூரில் உள்ள ஒரு வணிக நிறுவனத்தின் இணைப்பு வழியாக அனுப்பப்பட்டிருந்தது. கல்லூரியும் நிறுவனமும் அறியாமலே இவை நடந்தன. அவ்வாண்டு அக்டோபரில் மும்பைப் போலீசார் இது தொடர்பாகச் சிலரைக் கைது செய்தனர்.

இதன் விளைவாக 2009 ஜனவரியில் மும்பைப் போலீசார் கணிப்பொறிகளுடன் தெருக்களில் சுற்றி, பூட்டப்படாத இணைப்புகளைத் தேடும் பணியை மேற்கொண்டனர். அதற்கடுத்த மாதம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும், வாடிக்கையாளரின் கம்பியில்லா இணைப்புகள் பாதுகாப்பாக அமைய வேண்டுமென இணையச் சேவை நிறுவனங்களுக்குக் கட்டளை பிறப்பித்தது.

ஒரே கதவிலக்கம்

குற்றமற்றவர் வீட்டு வாசலில் விசாரணை வந்து நின்றது ஏன்? இதை அறிய ரூட்டரின் வேலையைச் சற்று நோக்குதல் வேண்டும். இருபது குடித்தனங்கள் வாழும் ஒரு சாலுக்கு வாசலில் ஒரே தபால் பெட்டி இருப்பதாகக் கொள்வோம். உள்ளிருந்து எவர் கடிதம் எழுதினாலும் அனுப்புநர் முகவரியாகச் சாலின் இலக்கம் மட்டுமே உறைமீது எழுதப்படுகிறது. பதில் வந்தால் அதை உரிய அறைக்குக் கொண்டு சேர்ப்பவர் வாயிற்காவலர். ரூட்டர் அத்தகைய காவலர் எனலாம். வீட்டிலுள்ள கைபேசி, கணிப்பொறி, தொலைக்காட்சி ஆகிய யாவும் வெளியுலகிற்கு ஒரே இலக்கத்துடன்தான் காட்சி தருகின்றன. அயலார் ஒருவர் சுவருக்கு அப்பாலிருந்து அவ்விணைப்பில் நுழைந்து செய்யும் செயலும் அதே இலக்கத்தின் கணக்கிலேயே எழுதப்படும். அவ்விலக்கம் எந்த வீட்டுக்கு அளிக்கப்பட்டது என்பதே சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். வீட்டினுள் அதைப் பயன்படுத்தியது யார் என்பது இராது.

பூட்டின் வரலாறு

கம்பியில்லா இணைப்புக்கான சர்வதேசத் தரம் 1997-இல் வெளிவந்தது. அதனுடன் டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டும் வந்தது. 2001-இல் புளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் குறையை ஆராய்ந்து வெளியிட்டனர். 2007-இல் ஒரு நிமிடத்திற்குள் அதை உடைக்கும் முறையும் வெளியாயிற்று. 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்பதும், 2004-இல் அதனினும் உறுதியான டபிள்யூ.பி.ஏ.2 என்பதும், 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 என்பதும் வந்தன. இன்று வீட்டில் இருக்கவேண்டியது கடைசி இரண்டில் ஒன்றே. பழைய ரூட்டரில் முதற்பூட்டு மட்டுமே உண்டெனில் அந்த ரூட்டரை மாற்றிவிடுதலே சிக்கனம்.

கடவுச்சொல்லின் கணக்கு

பூட்டு எவ்வளவு உறுதியாயினும் திறவுகோல் எளிதாயின் பயனில்லை. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், வீட்டுக் கைபேசி ரூட்டருடன் கைகோக்கும் கணத்தில் நிகழும் பரிமாற்றத்தை வெளியிலுள்ளவர் பதிவுசெய்து எடுத்துச் செல்லக்கூடும். பிறகு தம் இருப்பிடத்தில் அமர்ந்து, ரூட்டர் அறியாதபடி, ஒவ்வொரு கடவுச்சொல்லாக முயன்று பார்க்கலாம். டபிள்யூ.பி.ஏ.3 இவ்வழியை அடைக்கிறது.

அவருடைய யந்திரம் நொடிக்குப் பத்து இலட்சம் முயற்சிகள் செய்யும் எனக் கொள்வோம். எட்டு இலக்கங்களாலான கடவுச்சொற்கள் மொத்தம் பத்துக் கோடியே. நூறு நொடிகளில் யாவும் முடிந்துவிடும். பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைப்போர் இதைக் கருதுக. கைபேசி எண்ணை வைப்போர் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவர். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றால் தொடங்குவதால் அவற்றின் உச்ச எண்ணிக்கை நானூறு கோடி. நாலாயிரம் நொடிகள், அதாவது ஒரு மணி ஏழு நிமிடம் போதும். ஒழுங்கின்றிப் பொறுக்கிய பன்னிரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாயினோ மூவாயிரம் ஆண்டுகள் தேவைப்படும். எழுத்தின் எண்ணிக்கையே காவல் என்பது இதனால் விளங்கும்.

நினைவில் கொள்வதற்கு ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுவது நல்ல முறை. பழமொழியோ, திரைப்பாடலோ, தெருவின் பெயரோ கூடாது. அதைத் தாளில் எழுதி வீட்டினுள் பத்திரப்படுத்துவதில் பிழையில்லை. திருடர் அலையின் வழி வருபவர். அலமாரியைத் திறப்பவர் அல்லர்.

அமைக்கும் முறை

இணைப்புத் தருபவர் ரூட்டரைப் பொருத்திவிட்டுச் சென்றபின் வீட்டார் செய்யவேண்டியவை சில உள. அவற்றுக்கு அரைமணி நேரம் போதும்.

முதலாவது, இடம். ரூட்டரை வீட்டின் நடுவில், தரையிலிருந்து உயரமான இடத்தில் வைக்கவேண்டும். தகரக் கூரை, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே இயங்குவதால் அதன் அருகு ஆகாது. சன்னல் ஓரத்தில் வைத்தால் வீட்டைவிடத் தெருவுக்கே அதிகப் பயன் கிட்டும்.

இரண்டாவது, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. முன்னது வீட்டினுள் நுழையும் சாவி. பின்னது பூட்டையே மாற்றும் அதிகாரம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இது அச்சிடப்பட்டிருக்கும். பழைய ரகங்களில் அது எல்லாச் சாதனங்களுக்கும் ஒன்றாகவே இருப்பதுண்டு. 2016-இல் மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத இத்தகைய கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்திற்று. கணிப்பொறியின் உலாவியில் அச்சீட்டிலுள்ள எண் முகவரியை இட்டு, உள்நுழைந்து, இதை உடனே மாற்றவேண்டும்.

மூன்றாவது, இணைப்பின் பெயர். அதில் குடும்பப் பெயரோ, கதவிலக்கமோ, ரூட்டரின் ரகமோ இருத்தலாகாது. பெயரை மறைத்து வைப்பதால் பாதுகாப்புக் கூடிவிடாது. தேடத் தெரிந்தவருக்கு மறைந்த பெயரும் புலப்படும்.

நான்காவது, பூட்டு. டபிள்யூ.பி.ஏ.3 இருப்பின் அதனையும், இல்லையெனில் டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். என்பதையும் தேர்ந்து, மேற்கூறியவாறு நீண்ட கடவுச்சொல்லை இடுக.

ஐந்தாவது, டபிள்யூ.பி.எஸ். என்னும் எளிய இணைப்பு வசதியை நிறுத்துக. இதில் எட்டிலக்க எண் ஒன்று உண்டு. எட்டிலக்கத்துக்குப் பத்துக் கோடி முயற்சி வேண்டுமெனத் தோன்றும். ஆனால் ரூட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகவும் எஞ்சியவற்றைத் தனியாகவும் சரிபார்க்கிறது; கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே 10,000-உம் 1,000-உம் கூட்டி 11,000 முயற்சிகளே உச்சம். இக்குறை 2011-இல் வெளியாயிற்று.

ஆறாவது, வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும் நிறுத்துக. மென்பொருளைப் புதுப்பிக்கும் பகுதி தானாக இயங்குமாறு அமைத்திடுக. உறுதியான டபிள்யூ.பி.ஏ.2-இலும் 2017-இல் ஒரு பிழை கண்டறியப்பட்டது. அதைத் திருத்தியது புதிய மென்பொருளே.

ஏழாவது, அலைத்தடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆனால் ஒவ்வோர் இணைப்பும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றுடனொன்று மோதாதவை. தாராவி போன்ற நெருக்கமான இடங்களில் இம்மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்வதோடு, 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையைப் பயன்படுத்துவதும் நலம். அவ்வலை சுவரில் வலுவிழப்பது இங்கு குறையன்று; அயலாருக்கு இடையூறு குறையும்.

அண்டை வீட்டாருக்குப் பங்கு

இங்கு ஒரு கேள்வி எழும். தண்ணீர்க் குழாயையும் திண்ணையையும் பகிர்ந்து வாழும் சால்களில், பள்ளிப்பாடம் படிக்க இணைப்புக் கேட்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லையென்று சொல்வது எங்ஙனம்? அவ்வாறு சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் இணைப்பு என ஒன்றைத் தனியே அமைக்க இயலும். அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் தரலாம். அதில் நுழைபவர் இணையத்தை அடைவாரேயன்றி, வீட்டுக் கணிப்பொறிகளை அடையமாட்டார். ஆயினும் வெளியுலகுக்கு இலக்கம் ஒன்றே என்பதை மறத்தலாகாது. ஆதலால் முகமறிந்தவருக்கே தருக. அவ்வப்போது சொல்லை மாற்றுக. கடைக்காரர் ஒருவர் பலருக்கும் இணைப்பளிக்க விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வானி திட்டத்தின்கீழ் உரிமமின்றியே அதைச் செய்யலாம். அதில் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் தம்மை அடையாளப்படுத்தியே நுழைகின்றனர்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா? பூட்டு எந்த வகை? கடந்த ஆண்டு இங்கு குடியிருந்தவருக்கும் இதே சொல் தெரியுமா? மூன்றாவது கேள்விக்கே பெரும்பாலோர் திகைப்பர். வாடகை வீட்டில் பழைய ரூட்டர் இருக்குமாயின், அதன் பின்புறத் துளையில் குண்டூசியால் பத்து நொடிகள் அழுத்திப் பழைய அமைப்பை அழித்து, புதிதாகத் தொடங்கவேண்டும்.

ஆசிரியர் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டலாம். கைபேசி ஒன்றை இணைப்பு வழங்கும் நிலையில் வைத்து, மற்றொன்றுடன் மாணவர் ஒருவரை அறைக்கு வெளியே நடக்கச் செய்க. எத்தனை சுவர்களுக்கு அப்பாலும் பெயர் தெரிகிறது என்பதை அம்மாணவர் குறித்து வரட்டும். பின்பு ஒரு கைபேசியை மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, அலை எவ்வாறு குன்றுகிறது என்பதைக் காட்டுக. கடவுச்சொல்லின் கணக்கைக் கரும்பலகையில் மாணவரே பெருக்கிப் பார்க்கட்டும்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்று ரூட்டரின் அடிப்புறச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்களாயின், அச்சோதனை பயனளித்தது எனக் கொள்ளலாம்.