பிள்ளைகள் கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சரக்குக் கொள்முதலில் நம் வணிகர்களை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்த மாத்திரத்திலேயே அது பழைய சரக்கா, புதுச் சரக்கா என்று சொல்லிவிடுவோம். ஆனால் பிளஸ் டூ முடித்த மகன், "அப்பா, எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்" என்று விலைப்பட்டியலைக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்தால் விழிக்கிறோம். ஒன்று, "விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?" என்று விரட்டிவிடுகிறோம், அல்லது கம்ப்யூட்டர் கடைக்காரர் கட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம். இரண்டுமே சரியல்ல.

இதுவும் ஒரு கொள்முதல்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழே உருப்படிகள்: கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., இவற்றை அடக்கும் கேபினட். சென்னை ரிச்சி தெருவில் இவை அனைத்தும் தனித்தனியாகக் கிடைக்கும். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நூறு ரூபாய்க் கணக்கு

மானிட்டர், யு.பி.எஸ். நீங்கலாக, கையில் உள்ள தொகையை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாம் போடும் கணக்கு இது: கிராபிக்ஸ் கார்டுக்கு 40, பிராசஸருக்கு 18, மதர்போர்டுக்கு 12, ராமுக்கு 10, எஸ்.எஸ்.டி.க்கு 8, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 7, கேபினட்டுக்கு 5. விலைவாசிக்கு ஏற்ப ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் ஆகலாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஏன் இவ்வளவு பங்கு? விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் வரைவது அதுதான். கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கார்டே தேவையில்லை. விளையாட்டுக்கோ அதுவே உயிர்நாடி. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரண மானிட்டருக்கு, 8 ஜி.பி. நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டு போதும். 4கே மானிட்டரில் புள்ளிகள் நான்கு மடங்கு. அதற்கேற்ற கார்டு வாங்கினால் செலவு எங்கோ போய்விடும். ஆகவே முதலில் மானிட்டரை முடிவு செய்துவிட்டுக் கார்டுக்குப் போக வேண்டும்.

பிராசஸரில் ஆறு கோர்கள் உள்ள ரகம் போதுமானது. 2022இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600 இதற்கு நல்ல உதாரணம். விலை உயர்ந்த பிராசஸரோடு மட்டமான கார்டைச் சேர்ப்பது, காளையையும் கன்றையும் ஒரே வண்டியில் பூட்டுவது போலத்தான். ராமை ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல், இரண்டு 8 ஜி.பி.யாகப் பொருத்தினால் வேகம் கூடும்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

ஒரே பெயரில் இரண்டு தர அரிசி வருவதை நாம் அறிவோம். இங்கும் அதுவே நடக்கிறது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 2022இல் 8 ஜி.பி. நினைவகத்தோடும் 2560 கோர்களோடும் வந்தது. 2024இல் அதே பெயரில் 6 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. அதில் கோர்கள் 2304தான், நினைவகத்தின் பாதையும் குறுகல். பட்டியலில் "3050" என்று மட்டும் எழுதியிருந்தால், எது என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால், அதில் படம் காட்டும் வசதி இல்லை என்று பொருள். தனிக் கார்டு போடாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். அதேபோல் டி.டி.ஆர்.4 ராம், டி.டி.ஆர்.5 மதர்போர்டில் பொருந்தாது. மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

நாம் பட்ட பாடு

நாம் முதலில் வாங்கியபோது கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்றுக்கொண்டோம். மிச்சம் பிடித்தோம் என்ற மகிழ்ச்சி மூன்று மாதந்தான். ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பியபோது அது கருகியது; போகும்போது மதர்போர்டையும் கொண்டுபோயிற்று. உப்பு விலையில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பண்டத்தையே கெடுத்த கதை. 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே காட்டும். உறுதிக்கு அது சான்று அல்ல. பெயருள்ள தயாரிப்பாளர், மூன்று முதல் ஐந்தாண்டு உத்தரவாதம், 550 வாட் என்ற மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும்.

சந்தை நிலவரம்

இந்தச் சரக்குக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. 2021இல் கிரிப்டோ நாணயம் எடுப்போர் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளியதால் விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய பழைய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் ராம் விலை ஏறியது. எனவே பழைய கார்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கார்டு விலை எட்டவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. படம் காட்டும் திறன் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரை முதலில் வாங்கலாம். எளிய விளையாட்டுகள் அதில் ஓடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நல்லதாக வாங்கி வைத்துவிட்டால், ஓராண்டு கழித்துக் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்க வேண்டியதில்லை.

பில் அவசியம்

"பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறையும்" என்று சொல்வார்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்டுப் போய் நிற்க முடியாது. ஒவ்வொரு உருப்படியின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். அதே சமயம், வீட்டில் விளையாட வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்றி உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. கடை வேலைக்கும் பயன்பட்டால் அந்தப் பங்குக்கு மட்டுமே எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.

கடைசியாக ஒன்று. பட்டியலை நாமே தயாரித்துக் கொடுக்காமல், மேற்கண்ட நூறு ரூபாய்க் கணக்கை மகனிடமோ மகளிடமோ கொடுத்து, மூன்று கடைகளில் விலை விசாரித்து வரச் சொல்வோம். எந்த உருப்படி ஏன் என்று அவர்கள் நமக்கு விளக்கட்டும். விளக்க முடிந்தால் வாங்கிக் கொடுப்போம். கம்ப்யூட்டர் சில ஆண்டுகளில் பழசாகும். கொள்முதல் கற்ற பிள்ளை நாளை நம் கல்லாவிலும் தைரியமாக உட்காரும்.