அணாவும் பைசாவும் ஃப்ளோட்டும்

டேட்டாபேஸில் 'தொகை' என்று ஒரு ஃபீல்டு வைக்கும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது ஃப்ளோட் அல்லது டபுள். புள்ளி வைத்த எண்தானே, என்ன ஆயிடப் போகுது?

ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. டபுளில் 0.1-ஐப் பத்து தடவை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். திரையில் இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.00 என்றுதான் தெரியும். ஆனால் 'கட்டியதும் கட்ட வேண்டியதும் சமமா?' என்று புரோகிராம் சரிபார்த்தால் 'இல்லை' என்றே பதில் வரும். கட்டி முடித்த கடன் பாக்கிப் பட்டியலிலேயே நிற்கும்.

காரணம், இந்த டைப்கள் எண்ணை இரும முறையில் வைக்கின்றன. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வெட்டினால் வரும் பின்னங்கள்தான் அதில் துல்லியமாக உட்காரும். நூறில் ஒன்று உட்காராது. 1 பைசா முதல் 99 பைசா வரை எடுத்துக்கொண்டால் 25, 50, 75 ஆகிய மூன்று மட்டுமே துல்லியம். மற்றதெல்லாம் தோராயம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. இரண்டுமே இரண்டின் அடுக்குகள். அந்தக் கணக்கை டபுள் பிசகாமல் போட்டிருக்கும். (ரூபாய்க்கு 192 பை என்ற கணக்கு வந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும்.) நூறு நயா பைசா வந்த பிறகுதான் வினை.

சரி, எதை எடுப்பது? மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் என்றால் டெசிமல்(15,2) போதும். புள்ளிக்கு முன்னால் 13 இலக்கம் கிடைக்கும். குவைத் தினாருக்கு மூன்று தசம இடம் வேண்டும், ஜப்பான் யென்னுக்கு ஒன்றுமே வேண்டாம் என்பதையும் யோசிச்சுக்கோங்க. எஸ்க்யூலைட்டில் உண்மையான டெசிமல் டைப் கிடையாது. அங்கே பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பதே நல்லது. மற்ற டேட்டாபேஸ்களிலும் பைசாவாக வைப்பதென்றால் 32 பிட் இன்ட் வேண்டாம், ஏறத்தாழ 2.14 கோடி ரூபாயிலேயே நிரம்பிவிடும். பிக்இன்ட் போடுங்கள்.

டெசிமல் போட்டாலும் தீராத ஒன்று உண்டு. 100 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33.33, மீதி ஒரு பைசா. அது யாருக்கு என்பதை எந்த டைப்பும் சொல்லாது. அந்த விதியை நாமதான் எழுதி வைக்கணும்.