எண்ணூர்க் கழி: புறம்போக்கு நிலத்தில் பிறந்த பாட்டு

பேசின் பிரிட்ஜிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறினால், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வரை ஜன்னலுக்கு வெளியே கிடங்குகளும் புகைபோக்கிகளும்தான். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் விரிந்த தண்ணீர், சேறு, அங்கங்கே அலையாத்திப் புதர்கள். இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்களையும் பார்க்கலாம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழி இது. பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கே வந்து கலந்துதான் பழவேற்காடு பக்கம் போகிறது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு. உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் பார்த்திருப்பார்கள். யாரும் பட்டா போட்டுக்கொள்ளக் கூடாது, ஊருக்குப் பொதுவாகக் கிடக்கட்டும் என்று தீர்வைக் கணக்குக்குப் புறத்தே ஒதுக்கியது. அந்த மரியாதையான சொல் சென்னைத் தெருவில் எப்படியோ வசைச்சொல்லாகிவிட்டது. எதற்கும் உதவாதவனைப் புறம்போக்கு என்று திட்டுகிறார்கள்.

உதவாத நிலம் என்று நம் பழைய புலவர்கள் நினைக்கவில்லை. மலை, காடு, வயல், கடற்கரை என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலையை வைத்துப் பாடினார்கள். கழியும் கானலும் நெய்தல். பிரிந்து போனவரை நினைத்து வருந்துவது அதன் பொருள். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடலையும் பாடியவர் அம்மூவனார். அந்தப் பாட்டுகளில் வரும் புன்னை, தாழை, அடும்பு, கண்டல் எல்லாம் நம் கடற்கரையில் இன்றும் இருக்கும் செடிகொடிகளே. கண்டல் என்பது நாம் சொல்லும் அலையாத்தி வகைதான். நெல்லுக்கு உப்பு மாற்றிக்கொள்ளச் சொல்லித் தெருவில் கூவிப்போகும் பெண்ணும் அகநானூற்றில் வருகிறாள். மருதத்து உழவருக்கும் நெய்தலுக்கும் கொடுக்கல் வாங்கல் அவ்வளவு பழையது.

நிலம் போனாலும் பெயர் நிற்கும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. தில்லை என்பது அலையாத்திக் காட்டில் வளரும் ஒரு மரம். கோயிலைச் சுற்றி இருந்த தில்லைவனம் இப்போது பெயரில்தான் இருக்கிறது. மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். அங்கே காடு காப்பாற்றப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

எண்ணூருக்கு அந்த யோகம் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. கழிக்கு வடபுறம் 1994-ல் இன்னொரு அனல்மின் நிலையம் வந்தது. நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கழியைக் கடந்துதான் போகின்றன. அவை கசிந்து கசிந்து, இறால் மேய்ந்த சேற்றின் மேல் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிக்குள் வந்தது.

இந்தக் கழியைப் பற்றி 2017 ஜனவரியில் வந்ததுதான் 'சென்னை புறம்போக்கு பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். கர்நாடக ராகத்தில் வடசென்னைப் பேச்சு! சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிது. வசையாகிப் போன சொல்லை எடுத்து, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளை அதற்குத் திருப்பித் தருகிறது பாட்டு. அம்மூவனார் காலத்து நெய்தலில் காதலன் பிரிந்து போவான். இந்த நெய்தலில் நிலமே நம்மைவிட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருக்கிறது.

பாட்டு இருக்கட்டும், கழியால் வயலுக்கு என்ன என்று கேட்கலாம். பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி இந்தக் கழி வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கழி தூர்ந்து குறுகினால் தண்ணீர் பின்வாங்கி, கரையோரத்து நாற்றை மூழ்கடிக்கும். மீஞ்சூர் பக்கம் கிணறுகள் உப்பானதற்கு முதற்காரணம் ஆழ்குழாய்களில் அளவுக்கு மீறி நீர் எடுத்தது. அந்தப் பழியைச் சாம்பல் மேல் போட முடியாது. ஆனால் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் விடும் ஏரியும் தாங்கலும்கூடப் புறம்போக்குதானே! அவை சுருங்கச் சுருங்க, உப்பை எதிர்த்துத் தள்ளும் நன்னீரும் நிலத்தடியில் குறையும்.

உங்கள் ஊர்ப் புறம்போக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். தமிழக அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். ஏரி, ஓடை, மேய்க்கால் என்று பெரியவர்கள் சொல்லும் இடங்களின் புல எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகைப்பாடு மாறியிருந்தால், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் மாறியது என்று வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.